அமெரிக்காவில் இலாப நோக்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாமா? ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டமான எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒவ்வோர் ஆண்டும் எங்குமே இடம் கிடைப்பதில்லை. எம்.டி. கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 511ஐத் தாண்டிவிட்டதால், 503, 505 என்று வாங்கிய, உழைப்பிலும் ஆர்வத்திலும் குறையில்லாத மாணவர்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அத்தகைய மாணவர் தம் பட்டியலை விரிவாக்க முயலும்போது இலாப நோக்கில் நடத்தப்படும் மருத்துவக் கல்லூரிகளும் அதில் வந்து சேருகின்றன. விண்ணப்பிக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஏனெனில் இலாப நோக்கு என்ற ஒரே பெயரின்கீழ் இருவகைக் கல்லூரிகள் உள்ளன. அமெரிக்க மண்ணில், அமெரிக்க அங்கீகாரத்துடன் நடப்பவை ஒருவகை; கரீபியன் தீவுகளில், பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களை நம்பி நடப்பவை மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம், இலாப நோக்குக் கல்லூரிக்கும் இலாப நோக்கற்ற கல்லூரிக்கும் இடையே உள்ள தூரத்தைவிட மிக அதிகம் என்பது என் கருத்து. இதைப் பிரித்துப் பார்க்காதவர், ஏற்கத்தக்க வாய்ப்பை அச்சத்தால் ஒதுக்கிவிடவும், ஒதுக்க வேண்டியதை அவசரத்தால் ஏற்கவும் இடமுண்டு.

இலாப நோக்குக் கல்லூரி என்றதும் எழும் ஐயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உள்ளூர் மருத்துவர்கள் சிலர் கூடி, மாணவர் கட்டணத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு நடத்திய கல்லூரிகள் அமெரிக்காவில் ஏராளமாக இருந்தன. ஆய்வகமோ மருத்துவமனைத் தொடர்போ இல்லாமலேயே பட்டம் வழங்கியவை அவற்றில் பல. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் அந்த முறை ஏறக்குறைய அழிந்தது. (அதே அலையில் கருப்பின மாணவர்களுக்கான ஏழு கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டதையும், அந்த இழப்பு இன்றுவரை ஈடுசெய்யப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.) ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2008இல் கொலராடோ மாநிலத்தின் பார்க்கர் நகரில் ராக்கி விஸ்டா ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோதுதான் இலாப நோக்கு மருத்துவக் கல்வி அமெரிக்க மண்ணுக்குத் திரும்பியது. நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகரில் பரல் கல்லூரி 2016இலும், ஐடஹோ ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி 2018இலும், யூட்டாவில் நூர்டா கல்லூரி 2021இலும் முதல் வகுப்பைச் சேர்த்தன. இவை யாவும் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டம் தருபவை; எம்.டி.யைப் போலவே முழு மருத்துவராகப் பணியாற்ற வழிசெய்யும் பட்டம் அது. எம்.டி. பட்டம் தரும் இலாப நோக்குக் கல்லூரிகள் மிகச் சிலவே: கலிஃபோர்னியா நார்த்ஸ்டேட் 2015இல் தொடங்கியது, பியூர்ட்டோ ரிக்கோவின் போன்ஸே 2014இல் முதலீட்டாளர் கைக்கு மாறியது. போன்ஸேயில் நோயாளிகளுடன் பேச ஸ்பானிய மொழி தேவை என்பதால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

இக்கல்லூரிகளுக்கும் இலாப நோக்கற்ற கல்லூரிகளுக்கும் பொதுவானவை எவை என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. எம்.டி. கல்லூரிகளை எல்.சி.எம்.இ. என்ற அமைப்பும், டி.ஓ. கல்லூரிகளைக் கோகா என்ற அமைப்பும் ஆய்வு செய்து அங்கீகரிக்கின்றன. கல்லூரியின் உரிமையாளர் யார் என்பதற்காக ஆய்வுக்குரிய தரநிலைகள் தளர்த்தப்படுவதில்லை. ஒரே பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வுகளும் ஒன்றே. 2020ஆம் ஆண்டு முதல் எம்.டி., டி.ஓ. பட்டதாரிகள் இருவரும் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெற வேண்டிய ரெசிடென்சிப் பயிற்சிகள் ஒரே அங்கீகாரத்தின்கீழ் வந்துவிட்டன. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் என்ற முறையின் 2024ஆம் ஆண்டு முடிவுகளில் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதத்தினருக்கும், டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92.3 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. இரண்டாவது எண் எல்லா டி.ஓ. கல்லூரிகளையும் சேர்த்தது என்றாலும், கோகா தன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் தேர்ச்சி விகிதத்தையும் ரெசிடென்சி இடம் பெற்றோர் விகிதத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று வலியுறுத்துவதால், குறிப்பிட்ட கல்லூரியின் நிலையை எவரும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இவற்றில் படித்தால் மருத்துவராக முடியுமா என்ற அச்சம் தேவையற்றது. முடியும்.

வேறுபாடு பணத்தில் தொடங்குகிறது. கட்டண அளவைச் சொல்லவில்லை. தனியார் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் 3 லட்சம் டாலரைத் தாண்டுவது இலாப நோக்கற்றவற்றிலும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பணத்தை எந்த வகைக் கடனாகப் பெற முடிகிறது என்பதே முக்கியம். புதிதாகத் தொடங்கும் இலாப நோக்குக் கல்வி நிறுவனம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நடந்த பின்னரே ஃபெடரல் (அமெரிக்க மைய அரசின்) கல்விக் கடன் திட்டத்தில் சேர முடியும் என்பது அமெரிக்கச் சட்டம். நிறுவன அளவிலான அங்கீகாரமும் தனியே தேவைப்படுவதால் நடைமுறையில் அதற்கு மேலும் காலம் பிடிக்கும். ஏற்கெனவே இயங்கிவரும் பல்கலைக்கழகம் ஒன்று புதிய மருத்துவக் கல்லூரியைத் திறந்தால் அதற்கு இந்தத் தடை பெரும்பாலும் இருப்பதில்லை. இதனால்தான் புதிய இலாப நோக்குக் கல்லூரிகளின் தொடக்க வகுப்புகளில் சேர்ந்தவர்கள் தனியார் கடனையோ குடும்பச் சேமிப்பையோ நம்ப வேண்டியதாயிற்று.

தனியார் கடனுக்கும் ஃபெடரல் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை வட்டி விகிதத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் மிகுதி. உண்மையில் வட்டி அதில் சிறு பகுதியே. ஃபெடரல் கடன் வாங்கியவர், வருமானத்துக்கு ஏற்ற தவணையைச் செலுத்திவரலாம். அரசு மருத்துவமனையிலோ இலாப நோக்கற்ற மருத்துவமனையிலோ முழுநேரமாகப் பணியாற்றி 120 மாதத் தவணைகளைச் செலுத்திவிட்டால், எஞ்சிய கடன் தள்ளுபடியாகும் பொதுச் சேவைத் திட்டமும் அவருக்கு உண்டு. அத்தகைய மருத்துவமனையில் ரெசிடென்சி செய்யும் ஆண்டுகளும் அந்தக் கணக்கில் சேரும். இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: இலாப நோக்குக் கல்லூரியில் படித்தவருக்கு இத்தள்ளுபடி கிடையாது என்று சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. பணியமர்த்தும் மருத்துவமனை எப்படிப்பட்டது என்பதையும், கடன் ஃபெடரல் கடனா என்பதையும் மட்டுமே அத்திட்டம் பார்க்கிறது. படித்த கல்லூரியின் உரிமையாளர் யார் என்பது அதில் ஒரு கேள்வியே அன்று. ஆனால் தனியார் கடனுக்கு இத்தள்ளுபடி எந்நாளும் பொருந்தாது. 3 லட்சம் டாலர் தனியார் கடனுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 24,000 டாலர் ஆகிறது. ரெசிடென்சியின் முதலாண்டு ஊதியத்தில், வரி போக எஞ்சுவதில், அது எத்தனை பெரிய பங்கு என்பதை ஒவ்வொரு குடும்பமும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேலும் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, படிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன் நிறுத்தப்படுகிறது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு வருகிறது. ஆகவே செலவு மிகுந்த இலாப நோக்கற்ற கல்லூரியில் சேருபவரும் இனி ஒரு பகுதியைத் தனியார் கடனாகப் பெற நேரும். இதனால் இருவகைக் கல்லூரிகளுக்கும் இடையிலான இடைவெளி ஓரளவு குறைகிறது என்பது உண்மையே. ஆனாலும் முழுக் கடனும் தனியார் கடனாக இருப்பதற்கும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் அப்படி இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு மருத்துவரின் முதல் பத்தாண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடியது. கட்டணம் குறைந்த மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்குமானால், புதிய உச்சவரம்புக்குப் பின் அதன் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் பகுதி முழுவதுமே வேறுவிதமாக அமையும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்து இன்னும் கிரீன் கார்டு பெறாத மாணவருக்கு ஃபெடரல் கடன் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஆகவே ஃபெடரல் கடன் இல்லாத கல்லூரி என்ற குறை அவரைத் தனியாகப் பாதிப்பதில்லை. அவர் பார்க்க வேண்டியவை, அந்தக் கல்லூரி அவருடைய விசா நிலையில் உள்ளவரைச் சேர்க்கிறதா, தனியார் கடனுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் இணைக் கையொப்பம் இட முன்வருவாரா, படிப்பு முடியும்போது ரெசிடென்சிக்கு எந்த விசா கிடைக்கும் என்பவையே. மற்றவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை இவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நோயாளிகளிடையே பெறும் பயிற்சி அடுத்ததாக எடைபோட வேண்டியது. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி, பல ஊர்களில் உள்ள மருத்துவமனைகளோடும் தனி மருத்துவர்களோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு மாணவர்களை அனுப்புகிறது. இலாப நோக்குக் கல்லூரிகளில் இது பொதுவான நிலை; ஆனால் இலாப நோக்கற்ற டி.ஓ. கல்லூரிகள் பலவற்றிலும் இதுவே நிலை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெரிய போதனா மருத்துவமனையில் ரெசிடென்ட் மருத்துவர்களோடு சேர்ந்து வார்டில் நின்று கற்பதும், ஒரு மருத்துவரின் கிளினிக்கில் அவர் பின்னால் நின்று பார்ப்பதும் ஒரே பயிற்சியாக மாட்டா. ஆகவே நேர்காணலின்போது, உள்மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகியவற்றின் பயிற்சி ரெசிடென்சித் திட்டம் உள்ள மருத்துவமனையில் நடக்கிறதா, அந்த ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு, இடம் ஒதுக்கப்படுவது எப்படி, இடையில் எத்தனை முறை வீடு மாற நேரும் என்பவற்றைக் கேட்க வேண்டும். முதலீட்டாளரின் நோக்கம் கல்லூரியின் முடிவுகளை எங்கேனும் வளைக்குமானால், பயிற்சி இடங்கள் பெருகுவதற்கு முன்பே மாணவர் எண்ணிக்கையைப் பெருக்குவதில்தான் அது முதலில் தெரியும். கடந்த சில ஆண்டுகளில் வகுப்பு அளவு கூடியிருக்கிறதா, புதிய வளாகம் திறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவே.

உரிமையாளர் மாறினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஃபிலடெல்ஃபியாவின் ஹானமன் மருத்துவமனையைத் தனியார் முதலீட்டாளர் 2019இல் மூடியபோது 500க்கும் மேற்பட்ட ரெசிடென்ட் மருத்துவர்கள் வேறிடம் தேட நேர்ந்தது. அது கல்லூரி அன்று, மருத்துவமனைதான் என்றாலும், இலாபம் நின்றவுடன் முதலீடு எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதற்கு அது சான்று.

கரீபியன் கல்லூரிகளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் குடும்பங்கள் பெருங்கடனில் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ், இப்போது பார்படோஸில் உள்ள ராஸ், செயின்ட் மார்ட்டனில் உள்ள ஏ.யு.சி. போன்ற பழைய, பெரிய கல்லூரிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான மருத்துவர்களை உருவாக்கியிருக்கின்றன. அவர்களில் பலர் அமெரிக்காவின் சிற்றூர்களிலும் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளிலும் சிறப்பாகப் பணியாற்றிவருகிறார்கள். 2017இல் மரியா புயல் டொமினிக்காவைத் தாக்கியபோது, அங்கிருந்த ராஸ் கல்லூரி கப்பலிலும் பின்னர் டென்னசியிலும் வகுப்புகளை நடத்தி, 2019இல் பார்படோஸுக்கு மாறியது. பெரிய நிறுவனத்தின் முதலீடு இருந்ததால்தான் அது இயன்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் என் தயக்கம் குறையவில்லை. காரணம் எண்களில் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு மேட்ச்சில், வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதத்தினருக்கு ரெசிடென்சியின் முதலாண்டு இடம் கிடைத்தது. மூவரில் இருவர் என்றால் பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த 67 சதவீதம், இறுதிவரை வந்து மேட்ச்சில் பங்கேற்றவர்களிடையே எடுத்த விகிதம். முதலாண்டிலேயே விலகியவர், உரிமத் தேர்வுக்கு அனுமதிக்கப்படாதவர், இடையில் பணம் தீர்ந்து நின்றவர் ஆகியோர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. விளக்கத்துக்காகச் சொன்னால், நூறு பேர் சேர்ந்து எழுபது பேர் மட்டும் மேட்ச் வரை வந்தால், அவர்களில் 67 சதவீதம் என்பது 47 பேர்தான். உண்மையில் எத்தனை பேர் வந்துசேருகிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்த எண்ணைத்தான் கேட்டுப் பெற வேண்டும். இதே காரணத்தால், எங்கள் மாணவர்களில் 95 சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி என்ற விளம்பரமும் அதிகம் சொல்வதில்லை. கல்லூரி தானே ஒரு தகுதித் தேர்வை வைத்து, அதில் தேறியவர்களை மட்டும் உரிமத் தேர்வுக்கு அனுப்பினால், அந்த விகிதம் உயர்வாக இருப்பது இயல்பே. செயின்ட் ஜேம்ஸ் என்ற கரீபியன் கல்லூரி, தேர்ச்சி விகிதத்தையும் ரெசிடென்சி வாய்ப்பையும் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2022இல் நடவடிக்கை எடுத்தது. அந்த வழக்கு 12 லட்சம் டாலர் தீர்ப்பில் முடிந்தது.

இன்னொரு மாற்றமும் கரீபியன் மாணவர்களுக்குப் பாதகமாகவே அமைந்தது. 2022 ஜனவரி முதல், யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வின் முதற்கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி என்ற முடிவு மட்டுமே. பெயர்பெறாத கல்லூரியிலிருந்து வரும் மாணவர் தம் திறமையை மெய்ப்பிக்க முன்பு கையில் வைத்திருந்த வலுவான சான்று அந்த மதிப்பெண்தான். அது போனபின் சுமை முழுவதும் இரண்டாம் கட்டத் தேர்வின்மேல் விழுகிறது. கல்லூரியின் பெயரும் கூடுதலாக எடைபோடப்படுகிறது. எலும்பியல், தோலியல் போன்ற போட்டி மிகுந்த துறைகளை விரும்புபவருக்கு டி.ஓ. வழியே கடினமானது என்றால், கரீபியன் வழி ஏறக்குறைய அடைபட்டது. குடும்ப மருத்துவம், உள்மருத்துவம் ஆகியவற்றில்தான் அவர்களில் பெரும்பாலோர்க்கு இடம் கிடைக்கிறது. அத்துறைகளை மனமார விரும்புபவருக்கு இது குறையே அன்று.

மருத்துவப் பயிற்சிக்காக இக்கல்லூரிகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுத்து இடம் வாங்குகின்றன. 2007இல் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகளோடு பத்தாண்டுகளுக்கு 10 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. இத்தகைய வலுவான ஒப்பந்தம் உள்ள கல்லூரியின் மாணவர் ஓரிரு ஊர்களிலேயே பயிற்சியை முடித்துவிடலாம். அது இல்லாத சிறிய கல்லூரிகளின் மாணவர்கள் இடம் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்க இராணுவத்தின் மருத்துவப் படிப்பு உதவித்தொகை, அங்கீகாரம் பெற்ற அமெரிக்க, பியூர்ட்டோ ரிக்கோ கல்லூரிகளுக்கு மட்டுமே; உள்நாட்டு இலாப நோக்குக் கல்லூரி மாணவர் அதற்கு விண்ணப்பிக்கலாம், கரீபியன் மாணவர் விண்ணப்பிக்க முடியாது.

இவற்றுக்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது, ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பிப்பது. நம் குடும்பங்களில் இதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. ஓராண்டு வீணாகிறது என்ற பேச்சும், உறவினர் கேட்பார்களே என்ற கூச்சமும் முடிவை அவசரப்படுத்திவிடுகின்றன. எம்கேட் மதிப்பெண்ணை 503இலிருந்து 509க்கு உயர்த்தவோ, மருத்துவமனைப் பணி அனுபவம் பெறவோ, அறிவியல் பாடங்களில் குறைந்த ஜி.பி.ஏ.வை (சராசரித் தரப்புள்ளியை) பட்டத்துக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பால் சரிசெய்யவோ வழி இருக்குமானால், அந்த ஓராண்டின் விலை ஒரு மருத்துவரின் ஓராண்டு ஊதியம் மட்டுமே. பட்டமும் கடனும் கையில் இருந்து ரெசிடென்சி மட்டும் கிடைக்காமல் போனால் ஏற்படும் இழப்புக்கு அளவே இல்லை. ரெசிடென்சி இல்லாத பட்டத்தால் பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவம் பார்க்க முடியாது. மாறாக, இருமுறை முயன்று, விண்ணப்பத்தில் இனித் திருத்த எதுவும் இல்லை என்று கல்லூரி ஆலோசகரும் சொல்லிவிட்டால், மூன்றாம் முறையும் அதே விண்ணப்பத்தை அனுப்புவதில் பொருளில்லை.

ஆகவே நான் இப்படிப் பிரிப்பேன். டி.ஓ. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கத் தயாராக உள்ளவர், ஃபெடரல் கடன் வசதி உள்ள, குறைந்தது ஒரு வகுப்பையாவது பட்டம் பெறச் செய்து முழு அங்கீகாரம் அடைந்த அமெரிக்க இலாப நோக்குக் கல்லூரிகளைத் தயங்காமல் பட்டியலில் சேர்க்கலாம். அத்தகைய கல்லூரியையும் புதிதாகத் தொடங்கிய இலாப நோக்கற்ற கல்லூரியையும் ஒப்பிட நேர்ந்தால், முன்னதே பல வேளைகளில் பாதுகாப்பான தேர்வு. ஃபெடரல் கடன் இல்லாத கல்லூரிக்கு, குடும்பம் பெரும்பகுதிச் செலவை ஏற்க முடிந்தால் அல்லது விசா நிலையால் அந்தக் கடன் எப்படியும் கிடைக்காது என்றால் மட்டும் விண்ணப்பிக்கலாம். கரீபியன் கல்லூரி, உள்நாட்டில் எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் இருமுறையேனும் முறையாக விண்ணப்பித்துத் தோற்றவருக்கு, அதுவும் அறிவியல் பாடங்களில் உறுதியான மதிப்பெண் உள்ளவருக்கு மட்டுமே. கல்லூரிப் பாடங்களில் தடுமாறியவருக்கு, அங்கே உள்ள வேகமும் தனிமையும் துணை செய்யா.

எந்தக் கல்லூரியானாலும் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியது, குறிப்பிட்ட ஆண்டில் சேர்ந்த அனைவரையும் அடிப்படையாகக் கொண்ட கணக்கு: அவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு ஓராண்டு மட்டும் நீடிக்கும் தற்காலிக இடமாக இல்லாமல் முழு ரெசிடென்சி இடம் கிடைத்தது. டி.ஓ. விண்ணப்பத் தளம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. வந்த வரிசையில் பரிசீலிக்கும் கல்லூரிகள் பல என்பதால் ஜூன், ஜூலைக்குள் அனுப்பிவிடுவது நல்லது. கரீபியன் கல்லூரிகள் ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ மாணவர்களைச் சேர்க்கின்றன. ஆகவே இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் சொன்னால், உள்நாட்டுக் கல்லூரிகளின் முடிவுகள் அனைத்தும் வரும்வரை காத்திருக்கலாம். அடுத்த சேர்க்கையிலும் அந்த இடம் இருக்கும்.